திரும்பி வரும் வழி

மட்டாஞ்சேரிக் காயலோரத்தில், விடியற்காலை நான்கு மணிக்கு அண்ணி எழுப்பினார். “தம்பி, ஃபிரிட்ஜ் மறுபடியும் நின்னுபோச்சு.” வேனுக்குள் மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் சிறிய சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

கோவைக்காரர்களான இந்தத் தம்பதி எனக்குச் சொந்தமில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அண்ணன், அண்ணி ஆனவர்கள். அண்ணன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் தொண்ணூறுகளைச் சேர்ந்த ஒரு டீசல் வேனை வாங்கினார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இவற்றுக்கென்று தனியாக ஒரு பேட்டரி என்று வைத்து, ஓடும் வீடாக மாற்றிக்கொண்டார். கடந்த ஏப்ரலில் கொச்சி, ஆலப்புழை வழியாகக் கன்னியாகுமரிவரை போவதாகத் திட்டம். மலையாளம் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

ஃபிரிட்ஜில் இருந்தது பாலும் தயிரும் மட்டுமல்ல. அண்ணியின் இரண்டு மாத இன்சுலினும் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கொச்சியின் ஏப்ரல் இரவு அந்தக் கணக்குக்கு அடங்காது. கடை திறந்ததும், அருகிலிருந்த மருந்துக் கடைக்காரர் குப்பிகளை வாங்கித் தன் ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பைகளையும் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் அண்ணன் மனம் விட்டுவிட்டார். ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. கம்ப்ரசர் போய்விட்டது என்று ஒருவர், ஆல்டர்னேட்டர் பத்தாது என்று இன்னொருவர். “வண்டியை வித்துடலாம். ஊருக்குத் திரும்பலாம்.” திரும்புவதென்றால் இடப்பள்ளி வழிதான்.

தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் பெயர் தெரியாமலே கடந்து போகும் ஊர் இடப்பள்ளி. சேலத்தில் புறப்பட்டுக் கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவது இங்கேதான். மகாராஷ்டிராவின் பன்வேலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 66-ஆம் எண் சாலை இங்கே அதைச் சந்திக்கிறது. 2013-ல் திறந்த லுலு மாலும், 2017-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோவும் இன்றைய அடையாளங்கள். அவற்றுக்கு முந்தையது புனித ஜார்ஜ் தேவாலயம். கி.பி. 594-ல் உருவானது என்பது மரபு. மே மாதத் திருவிழாவின்போது எல்லா மதத்தாரும் கோழி நேர்ந்துகொண்டு வருவார்கள்.

நெடுஞ்சாலை சந்திக்கும் ஊரில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இல்லாமலா? புறவழிச் சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய மனிதர். பையன்கள் ‘ஆசானே’ என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன் தன் சரித்திரத்தைச் சொல்லி, “மூணாவது பேட்டரி போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

ஆசான் பதில் சொல்லவில்லை. மீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார். 12.5. “பேட்டரிக்கு ஒன்றுமில்லை சாரே.” அடுத்து ஃபிரிட்ஜை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஃபிரிட்ஜின் நெகட்டிவ் கம்பியிலும் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 1.6.

பிறகு மின்விசிறியைப் போட்டார். 2.6.

ஆசான் சிரித்தார். எங்களுக்குத்தான் புரியவில்லை. ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது. விசிறி இன்னொரு 3. இரண்டும் ஒரே கம்பி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகின்றன. அந்த வழியில் எங்கோ ஒரு தடை. அதைத் தாண்டுவதிலேயே 2.6 வோல்ட் செலவாகிவிடுவதால், ஃபிரிட்ஜுக்குக் கிடைப்பது 9.9 வோல்ட். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இரவில் புழுக்கம் தாங்காமல் நாங்கள் விசிறியைப் போட்டபோதெல்லாம் அதுதான் நடந்திருக்கிறது.

பையன் வண்டிக்கடியில் படுத்துத் தேடினான். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் போல்ட், பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் துரு. கம்பியின் பிளாஸ்டிக் உறை பழுப்பாகி உருகியிருந்தது. 8 ஆம்பியரும் 2.6 வோல்ட்டும் சேர்ந்தால் 21 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயனுக்குக் கிட்டத்தட்ட சமமான சூடு, தூங்குகிறவர்களின் கட்டிலுக்குக் கீழே. அண்ணன் முகம் வெளிறிவிட்டது. ஃப்யூஸ் இதைத் தடுக்காது. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் அது போகும். இங்கே ஓடியது சரியான அளவுதான், வழிதான் கெட்டுப்போயிருந்தது.

“எர்த்து போயி” என்றார் ஆசான், ஒரே வரியில்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சொல்லின் மேல் சந்தேகம் வந்தது. பாடப்புத்தகம் இதைப் புவியிணைப்பு என்கும். ஆனால் ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் என்ன இணைப்பு? வண்டியின் இரும்பு உடம்பையே திரும்பி வரும் கம்பியாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர். ‘மீள்வழி’ என்று சொல்லியிருந்தால் அண்ணன் இரண்டு பேட்டரிக் காசை மிச்சப்படுத்தியிருப்பாரோ என்னவோ. மின்சாரம் போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள்: பேட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச். திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குவது, ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மினுக்குவது, இவையெல்லாம் பெரும்பாலும் மீள்வழி கெட்டதன் அறிகுறிகள்தான். வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த வீட்டுக்குள் புகுந்து போகப் பார்க்கிறது.

கொச்சி போன்ற ஊரில் இது சீக்கிரம் வரும். உப்புக்காற்றும் ஈரமும் போல்ட்டுக்கு அடியில் நுழைந்து துருவாக உட்கார்ந்துகொள்கின்றன. பழைய வேனில் இன்னொரு வினையும் உண்டு. ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு கம்பியைச் சேர்த்திருப்பார்; டேப் சுற்றிய முடிச்சுகள் அவரவர் ஞாபகத்தில் மட்டும் இருக்கும்.

ஆசானின் முறையை யார் வேண்டுமானாலும் கடைப்பிடிக்கலாம். சில நூறு ரூபாய் மீட்டர் போதும். சற்று நேரம் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்; இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். இரண்டும் சரியென்றால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் விட்டுவிட்டு வழியைப் பார்க்க வேண்டும். சோதிக்கும்போது பொருள் ஓடிக்கொண்டிருப்பது முக்கியம். பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் கம்பிகூட, சும்மா இருக்கையில் நல்ல கம்பிபோலவே மீட்டரில் காட்டும். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். கம்பியில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும்.

புதுக் கம்பி வாங்கப் பையன் போன நேரத்தில் நாங்கள் சங்கம்புழா பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். 1936-ல் இடப்பள்ளி ராகவன் பிள்ளை என்ற இளம் கவிஞர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரில் அவருடைய நண்பர் சங்கம்புழா கிருஷ்ண பிள்ளை எழுதிய ‘ரமணன்’ மலையாளிகளின் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. இருவரும் இதே ஊர்க்காரர்கள். அண்ணி கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வண்டி இல்லேன்னா நான் இங்கெல்லாம் எங்க வரப்போறேன்?” என்றார். அண்ணன் பையிலிருந்த ஐஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி கரைந்திருந்தது.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது; 2022-ல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. புது வண்டிகளுக்கு அது நல்ல காலம். அண்ணனைப் போலப் பழைய வேனைத் தட்டிக்கொட்டி வீடாக்கியவர்களுக்குத் தேவை, மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் இப்படி ஒரு மனிதர். தகரக் கொட்டகையில் வேலை பழகும் பையன்களில் ஒருவனாவது அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, தடித்த புதுக் கம்பியை முடுக்கி, மேலே வாசலின் தடவியிருந்தான் பையன். ஃபிரிட்ஜும் விசிறியும் சேர்ந்து ஓட, மீட்டர் காட்டியது 0.04. கூலி 600 ரூபாய். புது பேட்டரியின் விலையோடு அதை ஒப்பிட்டு அண்ணன் வாய்விட்டு ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். அண்ணி தடுத்துவிட்டார்.

இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள் போனது. சந்திப்பில் சிவப்பு விளக்கு. கோவைக்கு 544. கன்னியாகுமரிக்கு 66. அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தெற்கே கை காட்டினார்.