உள்ளேயாக்கும் அழுக்கு!

காற்றுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்தால் அது ஆரல்வாய்மொழிதான். பேன்ட் போட்டவர்கள் தைரியமாக இறங்கலாம். வேட்டி கட்டியவர்கள் இரண்டு தடவை யோசித்துவிட்டு இறங்கவும்.

நெல்லையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை காவல்கிணறில் பிரிகிறது. நேரே போனால் கன்னியாகுமரி. வலப்பக்கம் திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை, அப்புறம் நாகர்கோவில். மேற்குத் தொடர்ச்சி மலை, 'போதும்டா சாமி' என்று முடியப் போகிற இடத்தில் ஒரு வாசலை விட்டு வைத்திருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அகலமாக வந்து அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. நெருக்கடியில் வேகம் பிடிக்கிறது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இதே கூத்துதான். சும்மா போகிற காற்றை ஏன் விடுவானேன் என்று 1980-களின் பிற்பகுதியிலிருந்து காற்றாலைகளை நட ஆரம்பித்தார்கள். இன்று பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளைக் காற்றாடி.

இந்த வாசலுக்காகச் சண்டையே நடந்திருக்கிறது. திருவிதாங்கூரின் எல்லைக் கோட்டை இங்கேதான் இருந்தது. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் படை காவல் காத்த அந்த மதிலைக் கும்பெனிப் படை பிடித்தது. எப்படி? ராத்திரியில், இருட்டில், மலையில் ஏறி வந்து! (வெள்ளைக்காரர்கள் நாக்கில் இந்த ஊர் 'ஆரம்போலி' ஆனது தனிக் கொடுமை.)

அவர்களுக்கு இருட்டில்கூடப் பாதை தெரிந்திருக்கிறது. எனக்கு மாலை ஐந்தே முக்கால் மணி வெளிச்சத்தில் தெரியவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தம். நாகர்கோவிலில் சகலை வீட்டுக் கல்யாணம். பி.எஃப். லோன் போட்டு வாங்கிய செகண்ட்ஹேண்ட் காரில் நானும் என் சகதர்மிணியும். முப்பந்தல் இசக்கியம்மனுக்கு ஓடுகிற வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. அவள் காற்றாடிகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"நாப்பத்தியேழு, நாப்பத்தியெட்டு... ஐயோ, பிரேக்!"

சாலை இங்கே மேற்கு பார்த்து ஓடுகிறது. ஒரு வளைவு திரும்பியதும் சூரியன் நேர் எதிரே வந்து நின்றது. அந்த நொடியில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. பால் ஊற்றிய மாதிரி. சாலை இல்லை, மலை இல்லை, ஒன்றும் இல்லை. பிரேக்கை மிதித்து நின்ற பிறகு பார்த்தால், பம்பருக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் ஒரு பெரியவர். பூ மூட்டை கட்டிய டி.வி.எஸ். ஃபிஃப்டி.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. இறங்கி வந்து கண்ணாடியை விரலால் தட்டினார்.

"மக்கா, இத ஒருக்கா தொடச்சிட்டு ஓட்டப்பிடாதா?"

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஆரல்வாய்மொழி வந்ததும் ஒரு டீக்கடையில் ஓரம் கட்டினேன். பழைய துணியை எடுத்து வெளிப்பக்கம் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணாச்சி வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"சாரே, வெளிய எம்புட்டு தொடச்சாலும் என்ன? அழுக்கு உள்ளேயாக்கும்!"

உள்ளே விரலை வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோட்டுக்குள் மட்டும் உலகம் தெளிவாகத் தெரிந்தது. விரலில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு.

விஷயம் இதுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் டாஷ்போர்டு பிளாஸ்டிக் சூடேறி, அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகிறது. போதாததற்கு டாஷ்போர்டு பளபளக்க நான் ஞாயிறுதோறும் பூசும் பாலீஷ், அவள் வெள்ளிதோறும் கொளுத்தும் ஊதுபத்தி, பனி படிந்தால் வெறுங்கையால் துடைக்கும் நம் தேசிய வழக்கம். சாதாரண வெளிச்சத்தில் இந்தப் படலம் கண்ணுக்கே தெரியாது. எதிரே சூரியனோ லாரி ஹெட்லைட்டோ வந்தால் வெளிச்சத்தைச் சிதறடித்துத் திரை போட்டுவிடும். வெளிப்பக்கத்துக்கு வைப்பர் வேண்டும் என்று மேரி ஆண்டர்சன் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1903-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உட்பக்கத்துக்கு இன்னும் நம் கைதான்.

அண்ணாச்சி டீ பாய்லரிலிருந்து ஒரு மக் வெந்நீர் வாங்கி, ஆறவைத்து வெதுவெதுப்பாக்கினார். அதில் ஒரே ஒரு சொட்டு ஷாம்பூ.

"ஒரு சொட்டு போதும் கேட்டேளா. பாக்கெட்ட முழுசா பிழிஞ்சா கோடு கோடா நிக்கும்."

தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது, துணியில்தான் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழிந்து டாஷ்போர்டுக்குள் போகும். முதல் துணி பிசுக்கை எடுக்க. இரண்டாவது, நல்ல தண்ணீரில் பிழிந்தது, சோப்பை எடுக்க. மூன்றாவது காய்ந்த துணி. பல தடவை துவைத்துப் பஞ்சு உதிராமல் போன பழைய வேட்டிதான் இதற்கு உத்தமமாம். ஒரே துணியால் மூன்று வேலையும் பார்த்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிர வெளியேறாது. (எங்கள் ஆபீஸில் ஃபைல் நகர்கிற மாதிரி.) வெயிலில் சுடச்சுட நிற்கிற கண்ணாடியில் இதைச் செய்யக் கூடாது, துடைக்குமுன் காய்ந்து கறையாகும். கீழ் மூலைக்குக் கை எட்டாவிட்டால் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, புறங்கை கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொண்டால் எட்டும்.

"மழைச் சாரல்ல உள்ள புகை மூடுனா கைய வைக்காதீங்க. ஏ.சி.ய போட்டு, வெளிக்காத்து உள்ள வாற மாதிரி தட்டி விடுங்க. நம்ம மூச்சு ஈரமாக்கும் அது."

கடைசியாக ஒரு சூட்சுமம் சொன்னார். வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். உட்பக்கத்தைக் குறுக்காக. பிறகு கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று தேட வேண்டாம்.

நான் வெளியே, அவள் உள்ளே. கால் மணி நேரத்தில் முடித்தோம். அண்ணாச்சி டீக்குக்கூடக் காசு கொடுக்க விடவில்லை.

கல்யாணம் முடிந்து மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பினோம். இப்போது சூரியன் கிழக்கே, மறுபடியும் எதிரே. அந்த வளைவு வந்தது. இருவரும் பேசவில்லை. சாலை, மலை, காற்றாடி எல்லாம் துல்லியம். பூ மூட்டையோடு யாராவது வருகிறார்களா என்று நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

வளைவு தாண்டிய பிறகுதான் கண்ணாடியில் ஒரு மெல்லிய கோடு கண்ணில் பட்டது.

"பாத்தியா, நீ சரியா தொடைக்கல."

அவள் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாள்.

"குறுக்குக் கோடா, நெடுக்குக் கோடா?"

"நெடுக்கு."

"அப்ப அது உங்க பக்கம்" என்று சொல்லிவிட்டு, நாற்பத்தியெட்டிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.