நூல் எங்கிருந்து வந்தது?

ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் கேட்டு வளரும் கதை ஒன்று உண்டு. பனிக்காலத்தில் அடிபட்டுக் கிடக்கும் கொக்கு ஒன்றை ஏழை ஒருவன் காப்பாற்றிப் பறக்க விடுகிறான். சில நாட்கள் கழித்து, பனி கொட்டும் இரவில், அழகிய பெண்ணொருத்தி அவன் கதவைத் தட்டுகிறாள். உனக்கு மனைவியாக இருக்க வந்தேன் என்கிறாள். வறுமை தீரத் துணி நெய்து தருகிறாள். நெய்யும்போது அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மட்டுமே அவள் விதிக்கும் நிபந்தனை. துணி பெரும் விலைக்குப் போகிறது. இன்னொன்று வேண்டும் என்கிறான். அவள் மெலிந்துகொண்டே போகிறாள். இறுதியில் அவன் கதவிடுக்கில் கண்ணை வைக்கிறான். தறியில் பெண் இல்லை. தன் இறகைத் தானே பிடுங்கி நெய்துகொண்டிருக்கும் ஒரு கொக்கு இருக்கிறது. பார்க்கப்பட்ட பிறகு அது அங்கே தங்க முடியாது.

சிறுவர் நூல்களில் இக்கதை சற்று மாறி வரும். அங்கே முதிய தம்பதியரும் அவர்களுக்கு மகளாக வந்து சேரும் பெண்ணும் இருப்பார்கள். கதையின் பெயரும் 'கொக்கின் நன்றிக்கடன்' என்றிருக்கும். 'கொக்கு மனைவி' என்பது வளர்ந்தவர்களுக்கான வடிவம். நமக்குக் கொக்கு என்றதும் வயல் வரப்பில் மீனுக்காகக் காத்து நிற்கும் பறவையே நினைவுக்கு வருவதால், 'நாரை' என்று எழுதினால் அழகாக இருக்குமே என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். ஆனால் ஆயிரம் ஆண்டு வாழும் என்று ஜப்பானியர் நம்புவதும், காகிதத்தில் மடித்துச் செய்வதும் கொக்குதான். கொக்கென்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கதையைத்தான் கோன் இச்சிகாவா 1988இல் 'ட்சுரு' என்ற பெயரில் திரைப்படமாக்கினார். 'பர்மிய யாழ்' (1956), 'சமவெளியில் நெருப்பு' (1959) ஆகிய போர்க்காலப் படங்களின் வழியாகவே அவரை நாம் அறிவோம். அத்தகைய கலைஞர் எழுபது வயதைக் கடந்தபின் ஒரு பாட்டிக்கதையிடம் வந்து சேர்ந்தது முதலில் வியப்பளித்தது. யோசித்தால் வியப்பில்லை. இச்சிகாவா அசைவூட்டப் படக்கூடத்தில் தொழில் பழகியவர். அவருடைய முதல் படமே பழங்கதை ஒன்றைப் பொம்மைகளைக் கொண்டு சொன்ன படம்தான். போருக்குப்பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதை வெளியிட விடவில்லை. கொக்குப் பெண்ணாக நடித்த சயூரி யோஷினாகாவுக்கு இது நூறாவது படம். கணவனாக வரும் ஹிதேகி நோதா அடிப்படையில் நாடகக்காரர், நாடகாசிரியரும்கூட. படத்தில் பனி மிக அழகாக இருக்கிறது. தேவைக்கு மேல் அழகாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து. பசித்தவன் வீட்டு வாசலில் பெய்யும் பனி இவ்வளவு கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யோஷினாகாவின் உடல்மொழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு துணிக்குப் பின்னும் அவர் சற்றே குறைந்துபோகிறார். அதை ஒப்பனையால் மட்டும் காட்டிவிட முடியாது.

படத்துக்கு முன்பே இக்கதைக்கு ஒரு மகத்தான நாடக வடிவம் இருந்தது. ஜுன்ஜி கினோஷிதா 1949இல் எழுதிய 'யூஸுரு', அதாவது 'அந்திக் கொக்கு'. யாசுயே யாமாமோத்தோ என்ற நடிகை அதில் கொக்குப் பெண்ணாக ஆயிரம் முறைக்கு மேல் மேடையேறியிருக்கிறார். இகுமா தான் அதை இசைநாடகமாக்கினார். அது 1952இல் அரங்கேறியது. கினோஷிதா கதையில் சேர்த்த ஒரு நுட்பம் எங்களை உலுக்கியது. கணவனின் நண்பர்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய மொழி அந்தப் பெண்ணுக்கு விளங்குவதில்லை. உதடுகள் அசைவது தெரிகிறது, சொற்கள் தெரிவதில்லை. பிறகு கணவனும் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். அவன் மொழியும் அவளுக்குப் புரியாமல் போகிறது. பிரிவு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது வெறும் பின்குறிப்புதான்.

இதையெல்லாம் நாங்கள் பேசியது கொல்லிமலையில், தேவனூர் நாட்டில். கொல்லிமலையில் ஊராட்சிகளை நாடு என்றே சொல்வார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் வேறொரு காலம் தொடங்கிவிடும் என்று சமவெளிக்காரர்களான நாம் நினைத்துக்கொள்வது வழக்கம். அப்படி ஒன்றும் தொடங்குவதில்லை. அங்கும் கைப்பேசி சிணுங்குகிறது, அங்கும் கடன் இருக்கிறது. நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கினோம். இரவில் மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துப் படத்தை ஓடவிட்டோம். வீட்டு ஆயா எங்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, கால் நீட்டி அமர்ந்திருந்தார். ஆங்கில வரிகளை எங்களில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் துணியை விற்றுக் கணவன் காசோடு திரும்பிய இடத்தில் ஆயா கேட்டார்:

"ஏங் கண்ணு, அந்தப் புள்ள நெய்யறதுக்கு நூலு எங்கிருந்து வந்துச்சுன்னு அவன் கேக்கவே இல்லியா?"

படத்தை நிறுத்தினோம். அவன் கேட்கவில்லை. கினோஷிதாவின் நாடகத்திலும் அந்தக் கேள்வியை யாரும் அழுத்திக் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை. நாங்களும்தான் இத்தனை நாட்கள் இக்கதையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அது எங்கள் வாயிலும் வரவில்லை. வெறும் வீடு. பருத்தி இல்லை, பட்டு இல்லை. உள்ளே ஒரு பெண் போகிறாள், மூன்று நாளில் துணியோடு வெளியே வருகிறாள். பாவு எது, ஊடை எது?

"பாக்கக் கூடாதுன்னு சொன்னாளே ஆயா, அதனால இருக்கும்" என்றார் நண்பர்.

"பாக்கத்தான வேண்டாம்னா? கேக்க வேண்டாம்னா சொன்னா?"

இந்த ஒற்றை வரி, கதை பற்றிய எங்கள் வாசிப்பைப் புரட்டிப் போட்டுவிட்டது. நிபந்தனையோடு வரும் மனைவியின் கதை நமக்குப் புதிதல்ல. சதபத பிராமணத்தில் ஊர்வசி புரூரவஸுக்கு விதிக்கும் நிபந்தனை, அவனை ஆடையின்றி அவள் காணக் கூடாது என்பது. கந்தர்வர்கள் மின்னலை வரவழைத்து அதை முறிக்கிறார்கள். மகாபாரதத்தில் கங்கை சந்தனுவிடம் விதிப்பது இன்னும் கடுமையானது: நான் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஏழு குழந்தைகள் நீரில் போகும்வரை அவன் கேட்கவில்லை. எட்டாவதில் கேட்டுவிட்டான், அவள் போய்விட்டாள். இக்கதைகளை எல்லாம் நாம் மீறலின் கதைகளாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆண் அவசரப்பட்டான், ஐயம் கொண்டான், வாக்குத் தவறினான். ஆயா சொன்ன கோணத்தில் கொக்கின் கணவன் செய்த பிழை மீறல் அல்ல. மீறலுக்கு வெகு முன்பே, முதல் துணியைக் கையில் வாங்கியபோதே, அது எதனால் ஆனது என்று கேட்காமல் சந்தைக்கு எடுத்துச் சென்றானே, அதுதான். சந்தனு கேட்கக் கூடாததைக் கேட்டவன். இவனோ யாரும் தடுக்காத கேள்வியைக் கேட்காதவன். கேட்காமல் இருப்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

தமிழ், தெலுங்குத் திரையும் விண்ணுலகப் பெண்களை விட்டுவைக்கவில்லை. பி. யு. சின்னப்பா நடிக்க, ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'ஜகதலப்பிரதாபன்' (1944) தேவலோக, நாகலோகப் பெண்களை மணக்க ஆசைப்படும் இளவரசனின் கதை. அதே கதையை ஒட்டி கே. வி. ரெட்டி தெலுங்கில் எடுத்த 'ஜகதேகவீருனி கதா'வில் (1961) நீராடும் இந்திரன் மகளின் சேலையை என்.டி.ஆர். ஒளித்து வைக்கிறார். இறகாடையைத் திருடித் தேவகன்னியைத் தரையில் நிறுத்துவது உலகம் முழுக்க உள்ள கதைதான். ஜப்பானிலும் 'ஹாகோரோமோ' என்று நோ நாடகமாகவே இருக்கிறது. அங்கே ஆண் ஆடையைப் பிடுங்குவதால் பெண் தங்குகிறாள். கொக்குக் கதையில் யாரும் எதையும் திருடவில்லை. அவளே வருகிறாள், அவளே தன்னைப் பிடுங்கிக் கொடுக்கிறாள். திருட்டு நடந்திருந்தால் குற்றவாளியைக் காட்டிவிடலாம். இங்கே காட்ட ஆளில்லை.

எங்களில் மூவர் ராசிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவாளர் தெருக்களில் பிறந்தவர்கள். அன்றிரவு படம் முடிந்தபின் பேச்சு எங்கள் வீடுகளுக்குப் போனது. குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் நெசவாளி என்று சொல்வோம், கூலியும் அவர் பெயரில்தான் வரும். ராட்டையில் தார் சுற்றியது யார்? பாவுக்குக் கஞ்சி போட விடியலில் தெருவில் நின்றது யார்? அறுந்த இழையைப் பிணைத்தது யார்? அம்மாக்களும் அக்காக்களும்தான். ஒரு சேலைக்கு இத்தனை தார் என்று அம்மாவுக்குத் தெரியும்; அத்தனை தாருக்கு இவ்வளவு என்று யாரும் அவருக்குக் கூலி சொன்னதில்லை. எங்கள் நண்பர் ஒருவரின் தாயாருக்கு இன்றும் வலக்கைத் தோள் முழுதாக உயராது. ராட்டை சுற்றிய கை. கல்லூரிக்குக் கட்டிய பணம் அப்பா நெய்த சேலையிலிருந்து வந்தது என்றுதான் அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். அப்படிச் சொல்லும்படிதான் எல்லா வீடுகளிலும் பழக்கியிருக்கிறார்கள்.

ஆயாவுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று மறுநாள் காலை புரிந்தது. வாசலில் ஒரு பழைய உரல் கிடந்தது, மழைநீர் தேங்கி. கொல்லிமலை ஒரு காலத்தில் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த மலை. இப்போது சரிவெங்கும் மரவள்ளி. கிழங்கு லாரியில் இறங்கி, நாமக்கல், சேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. இம்மாற்றத்தைப் பற்றி எழுதும் எல்லோரும், பணப்பயிர் வந்து பாரம்பரியத்தை விழுங்கிவிட்டது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். நாங்களும் மலையேறும்போது அப்படித்தான் பேசிக்கொண்டு போனோம். சாமைச் சோறு எவ்வளவு ருசி ஆயா, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் உரலைக் காட்டினார்.

"ருசிதான். குத்துனவளுக்குத் தெரியும்."

சாமையின் உமி லேசில் கழலாது. குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்க முனைந்தபோது விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறிய இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது இதனால்தான். விதை இருந்தால் மட்டும் போதாது, குத்துவதற்குக் கை வேண்டும். அந்தக் கைகள் இனி மாட்டேன் என்று சொல்லிவிட்டன. மரவள்ளி மண்ணைத் தின்கிறது என்பது உண்மை. அது பெண்களை உரலிலிருந்து விடுவித்தது என்பதும் உண்மை. பாரம்பரிய உணவின் அருமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், சமவெளியிலிருந்து வந்து இரண்டாவது துணி கேட்கும் கணவனைப் போலவே ஆயாவுக்குத் தோன்றியிருப்போம்.

கொல்லிமலைக்கு உரிய பெண் கொக்கு அல்லள், கொல்லிப்பாவை. கபிலரும் பரணரும் பாடியிருக்கிறார்கள். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் அவள் வருகிறாள். தெய்வம் சமைத்த பாவை. காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் அவள் வடிவு குலைவதில்லை. தலைவியின் அழகுக்கு அவளை உவமையாக்குவது சங்கக் கவிஞர்களின் வழக்கம். சிரித்தே கொல்பவள் என்ற தொன்மமும் அவளைச் சுற்றி வளர்ந்தது. மலையில் இன்று எட்டுக்கை அம்மனாக அவளை வணங்குகிறார்கள். இவ்விரு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாவை யாருக்கும் எதையும் நெய்து கொடுக்கவில்லை. அவளிடமிருந்து யாரும் எதையும் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. அவள் குறைவதும் இல்லை. நெருங்கினால் உயிர் போகும் என்ற அச்சம் அவளைக் காத்தது. கொக்குக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, அதையும் கெஞ்சும் குரலில்தான் சொன்னாள்.

இந்த ஒப்பீட்டை எங்களில் ஒருவர் ஏற்கவில்லை. பாவையின் சிரிப்பு ஆண் கவிஞர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது, கொக்கின் இறகு பெண்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பது அவர் வாதம். பதில் சொல்ல எங்களிடம் வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. விவாதம் மலையிறங்கும் பேருந்தில், முப்பதாவது வளைவு வரைக்கும் நீண்டது. அதற்குப்பின் தலைசுற்றலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

ஆயா படத்தின் முடிவுவரை விழித்திருந்தார். கொக்கு பறந்து போவதைப் பார்த்து அவர் வருத்தப்படவில்லை. "இன்னும் ரெக்க இருக்கையிலயே போயிட்டா, நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு, படுக்க உள்ளே போனார்.