ஒரே பாட்டு, இரண்டு தைவதம்



நம் பக்கத்து பனியன் கம்பெனிகளில் ஷேடு மாறினால் துணி ரிஜெக்ட். ஒன்றுபோல் இருப்பதுதான் தரம் என்று நாம் படிக்கிறோம். ஆனால் ஒரே சரக்கு இரண்டு ஷேடில் வந்து, இரண்டுமே முதல் தரம் என்று பெயர் வாங்கியதும் உண்டு. நான் சொல்வது கர்நாடக சங்கீதத்தில்!

தியாகராஜ சுவாமிகள் (1767–1847) ஆபேரி ராகத்தில் இயற்றிய 'நகுமோமு' என்ற தெலுங்குக் கீர்த்தனை. ராமனின் சிரித்த முகத்தைக் காணாமல் தவிக்கும் பக்தன், "ஏன் இன்னும் வரவில்லை? வானத்திலிருந்து பூமி ரொம்ப தூரம் என்று கருடன் சொல்லிவிட்டானா?" என்று கேட்கிறான்.

இதைப் பாடி நாடெங்கும் பரப்பியவர் முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975). டாக்டர் பாலமுரளி கிருஷ்ணாவும் (1930–2016) பாடியிருக்கிறார். செல்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முசிறி அவசரப்படாமல், சொல் சொல்லாக உருகுகிறார். பாலமுரளியின் குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அது மட்டுமல்ல, வேறு என்னவோ மாறுகிறது!

அதைப் பிடித்துச் சொன்னவர் என் அப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அத்தனை இரைச்சலிலும் எந்தத் தறியில் சத்தம் மாறுது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். முசிறியைக் கேட்டதும், "'சிங்கார வேலனே' பாட்டு மாதிரி இருக்குது கண்ணு" என்றார். பாலமுரளியைப் போட்டேன். "இதுல ஒரு எடத்துல மட்டும் எறங்கி அழுவுது. அந்த எடந்தான் வேற."

தேடிப் பார்த்தால், அப்பா சொன்னது அத்தனையும் சரி! 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய அந்தப் பாட்டும் ஆபேரிதான். ச ரி க ம ப த நி-யில் வரும் 'த'தான் தைவதம். முசிறி பாடுவது சதுஸ்ருதி தைவதம். பாலமுரளி பாடுவது சுத்த தைவதம், ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை கீழே. அந்த ஒரு கட்டையில் தாய் ராகமே மாறிவிடுகிறது: முன்னது 22-ஆவது மேளமான கரகரப்பிரியா, பின்னது 20-ஆவது மேளமான நடபைரவி. பழைய பாடம் சுத்த தைவதமே என்பார்கள். பாலமுரளியின் குரு பாருபள்ளி ராமகிருஷ்ணய்யா பந்துலு, தியாகராஜரின் சீடர் பரம்பரையில் வந்தவர். ஆனாலும் கச்சேரிகளில் அதிகம் பரவியது மற்றதுதான்.

எது உசத்தி என்று கேட்டால் என் ஓட்டு சுத்த தைவதத்துக்கு. முகம் காணாத ஏக்கம் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு முசிறிதான். எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை!

தோழர்களே! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். தைவதம் என்ற பேரை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குப் பேர் தெரியாது, ஆனால் தைவதம் தெரிந்திருக்கிறது. சங்கீதம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. இன்று ராத்திரியே இரண்டு பதிவுகளையும் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்!