பேத்தி கட்டும் ஊர்

மடிக்கணினித் திரையில் வெற்று நிலம். புல்வெளி, நடுவே வளைந்து போகும் ஆறு, நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வந்து பாதியில் நின்றுவிட்ட ஒரு சாலை. வேறெதுவும் இல்லை. கீழ்ப் பட்டையில் 70,000 என்று ஒரு தொகை மட்டும் தெரிகிறது. கையிருப்பு அவ்வளவுதான். அதை வைத்து ஓர் ஊரை உண்டாக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பெண் அவள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்டூலின் மேல் இருக்கும் திரையில் சாலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் தாத்தா. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் முன்னறை, மே மாதத்துப் பிற்பகல். அவளுடைய அப்பாவைப் பார்க்க வந்த நான் சுவரோரம் காத்திருக்கிறேன். நான் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். அது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

விளையாட்டின் பெயர் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். பின்லாந்தின் தம்பெரே நகரில் கொலாசல் ஆர்டர் என்ற நிறுவனம் உருவாக்கியது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2015 மார்ச்சில் வெளியிட்டது. இவ்வளவு பெரிய உலகத்தைச் செய்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான்.

சாலையின் இரு ஓரமும் கட்டம் கட்டமாக விரிகிறது. பச்சை பூசினால் வீடுகள், நீலம் பூசினால் கடைகள், மஞ்சள் பூசினால் தொழிற்சாலைகள். அவள் ஒரு வீட்டையும் தன் கையால் கட்டுவதில்லை. இடத்தை ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிறாள். நெடுஞ்சாலையில் கார்கள் வருகின்றன. காலி மனைகளில் சாரம் எழும்புகிறது, கூரை வருகிறது, ஆள் குடியேறுகிறது. ஓரத்தில் மூன்று வண்ணத்தில் மூன்று கம்பங்கள் ஏறி இறங்குகின்றன. எது எவ்வளவு வேண்டும் என்று ஊரே கேட்கும் கேள்வி அது. வீட்டுக்கு ஆள் வந்தால் வேலை வேண்டும். வேலைக்குத் தொழிற்சாலை வந்தால் சரக்கு விற்கக் கடை வேண்டும். கடை வந்தால் வாங்குவதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

தாத்தா இதையெல்லாம் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர் கண் ஆற்றில் இருக்கிறது.

“ஏட்டி, இந்த ஆறு எந்தப் பக்கமா ஓடுது?”

“தெரியல தாத்தா. ஏன்?”

“நீ குடிக்கத் தண்ணி எங்க எடுக்க?”

அவள் கரையோரம் வைத்த நீரேற்று நிலையத்தைக் காட்டுகிறாள்.

“சாக்கடைய எங்க விடுத?”

சுட்டியை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்துகிறாள். ஒரு குழாய் ஆற்றுக்குள் வாய் திறந்து நிற்கிறது. தாத்தா நாற்காலியை விட்டு முன்னால் குனிகிறார். அவள் ஒரு பொத்தானை அழுத்த, திரை நிறம் மாறி, ஆற்றில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் தோன்றுகின்றன. எல்லா அம்பும் சாக்கடைக் குழாயிலிருந்து குடிநீர்க் குழாயை நோக்கிப் போகின்றன. பழுப்பு நிறக் கறை ஒன்று மெதுவாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது.

“மேல விட்டுட்டுக் கீழ எடுக்கியே. ஊரே படுத்துருமேட்டி.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் சில வீடுகளின் தலைக்கு மேல் நோய்க் குறி முளைத்துவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். சாக்கடைக் குழாயை இடித்து, ஆற்றின் கீழ்ப்போக்கில் வேறொன்றை வைக்கிறாள். கறை கரைந்து போகக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதுவரை இருவரும் பேசவில்லை.

தாத்தா ஒரு நகராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் வால்வு ஆபரேட்டராக இருந்தவர். ஊர்க்காரர்கள் ‘தண்ணி திறந்துவிடுகிறவர்’ என்று சொல்வார்கள். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் வைத்து, சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறந்துவிடும் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கும் போயிருப்பார். அவருடைய உள்ளங்கை இன்னும் காய்ப்புக் காய்ச்சித்தான் இருக்கிறது. நாற்காலியின் கையை அவர் தடவும்போது அந்தச் சொரசொரப்பு கேட்கிறது.

“அந்த பட்டன இன்னொருக்க அமுக்கு.”

அழுத்துகிறாள். நிலத்தடியில் ஓடும் குழாய் முழுவதும் தெரிகிறது. எங்கே கிளை பிரிகிறது, எந்தத் தெரு வரை போகிறது, எங்கே முடிகிறது, எல்லாம். அவர் நெடுநேரம் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்:

“இதுல வால்வு எங்க இருக்கு?”

“வால்வுலாம் கெடையாது தாத்தா. கொழாய் போட்டா தண்ணி வந்துரும்.”

“எப்பமும் வருமா?”

“எப்பமும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்லாந்தில் இந்த விளையாட்டை எழுதியவர்களுக்கு வால்வு ஆபரேட்டர் என்ற மனிதரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். நம் ஊர்களில் இருக்கும் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டைக் கையில் சாவியோடு செய்து முடிக்க ஓர் ஆள் வேண்டும். யார் தெருவுக்கு முதலில், எவ்வளவு நேரம், மேட்டுத் தெருவுக்கு எப்படி ஏற்றுவது என்கிற கணக்கெல்லாம் அந்த ஆளின் தலையில் இருக்கிறது. திரைக்குள் அந்த வேலையே இல்லை.

இல்லாத இன்னொன்றும் எனக்குத் தெரிகிறது. ஆட்டம் தொடங்கும்போது நிலம் காலியாக இருக்கிறது. அங்கே முன்பே குடிசை போட்டவர் இல்லை, ஆடு மேய்த்தவர் இல்லை, கண்மாய்ப் பாசனம் இல்லை. எந்தக் கட்டடமும் புல்டோசர் குறியால் ஒருமுறை தட்டினால் போய்விடும். இருந்தவர் எங்கே போனார் என்ற கேள்வி எழுவதில்லை. நிஜ ஊர் எதுவும் இப்படிக் காலி நிலத்தில் தொடங்கியதில்லை. விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இந்த விளையாட்டு ஒரு விஷயத்தில் நம் ஊர்களைவிடக் கண்டிப்பானது. தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீர்ப் போக்கும் இல்லாத தெருவில் வீடு கட்டி வந்தவர்கள் கொஞ்ச நாள் பார்க்கிறார்கள், பிறகு காலிசெய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடு இருண்டு பாழாகி நிற்கிறது. நம் புறநகர் மனைப்பிரிவுகளில் முதலில் வீடு, அப்புறம் சாலை, பல வருடம் கழித்துப் பாதாளச் சாக்கடை. குடியேறியவர்களால் விட்டுப் போக முடியாது. லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையை அந்தப் பெண் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பணம் குறைகிறது. வரவு செலவுப் பக்கத்தைத் திறக்கிறாள். வரி 9 சதவீதம்.

“இது என்ன, வீட்டுத் தீர்வையா?”

“ஆமா தாத்தா. கூட்டட்டுமா?”

“ரொம்பக் கூட்டாத. கத்துவாவ.”

கொஞ்சம் கூட்டுகிறாள். திரையின் மேலே நீலக் குருவி ஒன்று கீச்சிட்டுச் செய்தி கொண்டுவருகிறது. ஊர்க்காரர்களின் பேச்சு அந்தக் குருவி வழியாகத்தான் வரும். அடுத்து வங்கிக் கடன் வாங்குகிறாள். வாங்கிய பணத்தில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குப்பைக் கிடங்கு. கிடங்கைத் தொழிற்சாலைப் பக்கம், குடியிருப்புகளுக்குத் தூரத்தில் வைக்கிறாள். ஊருக்கு அருகே ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு எரியும் புகையை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஊர் பெருக்கிறது. பிறகு வருகிறது சாவு. இதைப் பார்க்க உண்மையிலேயே திகைப்பாக இருந்தது. அவள் ஒரே மூச்சில் பெரிய பரப்புக்குப் பச்சை பூசியிருந்தாள். ஒரே சமயத்தில் குடியேறியவர்கள் ஒரே சமயத்தில் முதுமையடைந்து, ஒரே சமயத்தில் சாகிறார்கள். வீட்டுக்கு வீடு மண்டையோட்டுக் குறி. பிணவண்டிகள் போதவில்லை. இருக்கும் வண்டிகளும் சரக்கு லாரிகளுக்கு நடுவே சிக்கி நிற்கின்றன. சாலை மூன்று தடம் அகலமாக இருந்தாலும், எல்லா வண்டியும் அடுத்த திருப்பத்துக்காக ஒரே தடத்தில் ஒட்டி நிற்கிறது. இதை விளையாடுகிற எல்லோரும் இந்த மரண அலையில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள்.

தாத்தா இங்கே வாயடைத்துப் போகிறார். இப்போது அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சந்திப்பை இடிக்கிறாள்; வட்டச்சாலை போடுகிறாள்; லாரிகளுக்குத் தனி வழி திறக்கிறாள். “பாருங்க தாத்தா, இப்ப பிரிஞ்சு போகும்.” பிரிந்து போகிறது. அவர் மெல்லத் தலையாட்டுகிறார். நீர் ஓடும் விதம் தெரிந்தவருக்கு வண்டி ஓடும் விதமும் சீக்கிரம் பிடிபடுகிறது. அடுத்த நெரிசலை அவரே விரல் நீட்டிக் காட்டுகிறார்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1984இல் வில் ரைட் என்ற அமெரிக்கர் ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளைக் குண்டுவீசி அழிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்தார். அழிப்பதைவிட அந்தத் தீவுகளை வரைவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. அதிலிருந்து சிம்சிட்டி பிறந்து 1989இல் வெளிவந்தது. ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். நகரம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அவர் படித்தவற்றில் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969இல் வெளியிட்ட ‘அர்பன் டைனமிக்ஸ்’. ஃபாரஸ்டர் நகர நிபுணர் அல்லர், கணினிப் பொறியாளர். அவருக்கு நகரத்தைச் சொன்னவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸ். 1968இல் பதவியிலிருந்து விலகியபின் எம்.ஐ.டி.க்கு வந்த அவருக்கு ஃபாரஸ்டரின் பக்கத்து அறை கிடைத்தது. அனுபவம் உள்ளவர் பேசினார், கணக்கு தெரிந்தவர் எழுதிக்கொண்டார்.

ஆனால் அந்தப் புத்தகம், ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டிக்கொடுத்தால் நகரம் தேய்ந்துபோகும் என்ற முடிவுக்குப் போனது. அதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. மேயரும் நிர்வாகம் தெரிந்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன நகரம் அது. குடிசைப் பகுதியில் இருந்தவர்கள் சொல்லியிருந்தால் வேறு நகரம் கிடைத்திருக்கும் என்பதே என் எண்ணம். எழுதுகிறவரின் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாளையங்கோட்டை முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் மேயர் இல்லை, வால்வு திறந்தவர். பேத்தி ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறாள். திரைக்குள் எல்லா வண்டியும் அப்படியே நிற்கின்றன. அவள் திரும்பி உட்கார்ந்து கேட்கிறாள்:

“நீங்க வேல பாத்த ஊருல கொழாய் எப்படிப் போகுதுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா தாத்தா?”

அவர் தரையில் விரலால் கோடு இழுக்கத் தொடங்குகிறார். ஆற்றுக்குள் உறைகிணறு. அங்கிருந்து மெயின் லைன். மேல்நிலைத் தொட்டி. தொட்டியிலிருந்து மூன்றாகப் பிரிகிறது. பிள்ளையார் கோயில் முக்கில் ஒரு வால்வு, பள்ளிக்கூடச் சுவரோரம் இரண்டு.

“பள்ளிக்கூடத்துகிட்ட உள்ளத இப்ப யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. மூடிக்கு மேலயே ரெண்டு மட்டம் தார் போட்டு மூடிட்டாவ.”

“அப்ப ஒடப்பு வந்தா?”

“தோண்டித் தோண்டித்தான் பாக்கணும். எனக்கு போன் போட்டுக் கேட்டாவ ரெண்டு தடவ. சொன்னேன்.”

“எழுதிக் குடுக்கலையா?”

“எழுதித் தான்னு யாரும் கேக்கலையே.”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது. முப்பது வருடம் ஓர் ஊரின் நிலத்தடியைக் காலால் அளந்தவர். பணி ஓய்வு நாளில் சால்வை போட்டு அனுப்பியவர்கள் ஒரு நோட்டை நீட்டிக் கேட்டிருக்கலாம். அந்த ஊரில் இன்று எங்காவது குழாய் உடைந்து சாக்கடை கலந்தால், மூட வேண்டிய வால்வு எது என்பது பல மைல் தள்ளி இந்தப் பிரம்பு நாற்காலியில் இருக்கிறது. அவருடைய வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

அவள் உள்ளே போய்ப் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வருகிறாள். பின்பக்கம் காலியாக இருக்கிறது. ஆற்றை முதலில் வரைகிறாள். வரைந்ததும் அவரைக் கேட்காமலேயே ஓட்டத்தின் திசைக்கு ஓர் அம்பு போடுகிறாள்.

குழாய் பதித்தவர், வால்வு திறந்தவர், பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர், குப்பை வண்டியின் வழித்தடம் அறிந்தவர் என்று ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய்ப் பதிவு செய்ய வேண்டும், அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் தர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் திரைக்குள் நகரம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், ஒரு நோட்டைக் கொடுத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அப்படி ஒருவரிடம் அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே அனுப்புங்கள்.