கண்ணும் கையும் காலும்

மகிழ்ச்சியை விரும்பாத மாந்தர் இலர். ஆயினும், அம்மகிழ்ச்சி எங்கே உள்ளது என்று வினவினால், பெரும்பாலோர் தொலைவையே சுட்டுவர். திருவிழா வரவேண்டும் என்பர் சிலர். பெரும்பொருள் கிடைக்கவேண்டும் என்பர் வேறு சிலர். அயல்நாடு சென்று காணவேண்டும் என்பர் இன்னும் சிலர். இவை வாய்க்கும் நாட்கள் ஆண்டில் ஒன்றோ இரண்டோதான். எஞ்சிய நாட்களெல்லாம் அந்த ஒரு நாளை எதிர்நோக்கியே கழியுமானால், வாழ்வின் பெரும்பகுதி வறண்ட பாலையாகிவிடும் அன்றோ?

ஓய்வு நேரத்தில் செய்யும் செயலைப் 'பொழுதுபோக்கு' என்று வழங்குவர். பொழுதைப் போக்குதல் வேறு; பொழுதைப் பயன்கொள்ளுதல் வேறு. வீணே போக்கிய பொழுது நினைவிலும் நில்லாது. பயன்கொண்ட பொழுதோ, ஆண்டுகள் பல சென்ற பின்னும் உள்ளத்தில் பசுமையாக விளங்கும். கண்ணால் கூர்ந்து நோக்குதல், கையால் ஒன்றைச் செய்தல், வெளியே நடந்து சென்று காணுதல் ஆகிய மூன்றும் நாள்தோறும் கிடைக்கக்கூடிய இன்பங்கள். இவற்றைத் தம் வாழ்வில் கடைப்பிடித்த மூவரின் வரலாறு எண்ணிப் பார்த்தற்கு உரியது. ஒருவர் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி. மற்றொருவர் அமெரிக்க நாட்டு உழவர். பிறிதொருவர் தமிழ்நாட்டு எழுத்தாளர். நாட்டாலும் காலத்தாலும் வேறுபட்ட இம்மூவரையும் ஒன்றுபடுத்துவது நிழற்படக் கலை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1799-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆன்னா அட்கின்ஸ். குழந்தையாய் இருந்தபோதே அவர் தாயை இழந்தார். அறிவியலறிஞராகிய தந்தையின் அரவணைப்பில் வளர்ந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறவாத காலம் அது. எனினும், தந்தையார் தம் மகளை அறிவியலில் பழக்கினார். சிப்பியினங்களைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றை அவர் மொழிபெயர்த்தபோது, அதற்கு வேண்டிய 250-க்கும் மேற்பட்ட ஓவியங்களை மகளே வரைந்தளித்தார். அவ்வோவியங்கள் 1823-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப நோக்கி வரைந்த அப்பயிற்சி, அவர் கண்ணைக் கூர்மையாக்கியது, கையைப் பண்படுத்தியது.

பின்னர் அவர் கடற்பாசிகளில் உள்ளம் செலுத்தினார். மயிரிழையினும் மெல்லிய கிளைகளையுடைய பாசிகளைப் பிழையின்றி வரைதல் எளிதன்று. இந்நிலையில், அவர் குடும்ப நண்பராகிய ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர், 1842-ஆம் ஆண்டில் புதியதொரு படமுறையைக் கண்டறிந்தார். அதற்குச் 'சயனோடைப்' என்பது பெயர். இருவகை இரும்பு உப்புக்களின் கரைசலைத் தாளில் பூசி இருட்டில் உலர்த்துவர். அதன்மேல் பாசியையோ இலையையோ பரப்பி வெயிலில் வைப்பர். வெயில் பட்ட இடங்களில் நீரில் கரையாத நீலப்பொருள் உண்டாகும். நிழல் விழுந்த இடங்களில் உப்புக்கள் மாறாமல் இருக்கும். பிறகு தாளை நீரில் அலசினால், மாறாத உப்புக்கள் கரைந்து நீங்க, நீலப் பின்னணியில் பாசியின் வடிவம் வெண்மையாக எஞ்சும். இம்முறைக்குப் படக்கருவியும் வேண்டுவதில்லை. கதிரவன் ஓவியன், தாள் அவன் பலகை, அலசும் நீரே அவ்வோவியத்தை நிலைநிறுத்தும் துணை.

அட்கின்ஸ் அம்மையார் 1843-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகள் இம்முறையில் உழைத்தார். ஏறத்தாழ 400 படங்களைக் கொண்ட கடற்பாசி நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. நிழற்படங்களால் விளக்கப்பெற்ற முதல் நூல் என்று அறிஞர் அதனைப் போற்றுவர். அது அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டதன்று. ஒவ்வொரு படியின் ஒவ்வொரு பக்கமும் கையால் பூசி, வெயிலில் காய்ச்சி, நீரில் அலசி ஆக்கப்பட்டது. நூலில் அவர் தம் பெயரை முழுமையாகப் பொறிக்கவில்லை, 'ஏ. ஏ.' என்னும் இரண்டு முதலெழுத்துக்களையே இட்டார். பிற்காலத்தில் அந்நூலைக் கண்ட ஒருவர், 'பெயரறியா ஆர்வலர்' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை எனக் கருதினார். பெயர் மறந்துபோகும் அளவிற்குப் புகழைப் பொருட்படுத்தாமல் ஒருவர் பத்தாண்டுகள் உழைத்தார் எனின், அவ்வுழைப்பிலேயே அவர் இன்பம் கண்டிருத்தல் வேண்டும்.

கையின் இன்பத்தை அட்கின்ஸ் உணர்த்தினார். கண்ணின் இன்பத்தை உணர்த்தியவர் வில்சன் பென்ட்லி. அவர் 1865-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவுத் தொழிலே அவர் குடும்பத் தொழில். குளிர்காலத்தில் அவ்வூர் பனியில் மூழ்கிக் கிடக்கும். வண்டிப் பாதையை அடைக்கும் தொல்லையாகவே பனியை ஊரார் கருதினர். பள்ளி ஆசிரியையாக இருந்த அன்னையார், தம் மகனின் பதினைந்தாம் வயதில் பழைய நுண்ணோக்கி ஒன்றை அவனுக்கு அளித்தார். அதன்வழியே விழும் பனியை நோக்கிய சிறுவன் வியப்பில் ஆழ்ந்தான். வெறும் தூள் எனத் தோன்றிய பனி, ஆறு கிளைகள் விரிந்த விண்மீன்களாகவும் அறுகோணத் தட்டுக்களாகவும் காட்சியளித்தது. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படுவதே இவ்வடிவுக்குக் காரணம்.

கண்டதை வரைய முயன்றான் சிறுவன். வரைந்து முடிக்குமுன் பனிப்படிகம் உருகிவிடும். மூன்று குளிர்காலம் முயன்றும் மனம் நிறையவில்லை. பின்னர்ப் பெற்றோர் அரிதின் முயன்று படக்கருவி வாங்கித் தந்தனர். அதனை நுண்ணோக்கியோடு இணைத்துப் பல முறை தோற்ற பின், 1885-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், தனியொரு பனிப்படிகத்தின் படத்தைப் பென்ட்லி எடுத்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அவருடைய வேலையிடம் நெருப்பு மூட்டாத குளிர்ந்த கொட்டகை. விழும் பனியைக் கருநிறப் பலகையில் ஏந்துவார். நல்ல படிகம் ஒன்றை மெல்லிய மரச் சிம்பினால் எடுத்துக் கண்ணாடியில் இடுவார். இறகினால் மெல்ல அழுத்துவார். தம் மூச்சுக்காற்றின் வெப்பத்தால் அது உருகிவிடும் என்று மூச்சையும் அடக்கிக்கொள்வார். சில மில்லிமீட்டர் அளவே உள்ள அச்சிறு பொருளுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களை அவர் செலவிட்டார். பகலெல்லாம் மாடு கறந்தும் நிலம் உழுதும் வாழ்ந்த அவர், 5,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்க அவர் கண்டதில்லை. இம்முயற்சியால் அவர் செல்வம் சேர்த்தார் அல்லர். வரவினும் செலவே மிகுதி. ஊராரும் அவரை விந்தை மனிதராகவே நோக்கினர். 1931-ஆம் ஆண்டில், 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் அடங்கிய அவருடைய நூல் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே பனிப்புயலில் நெடுந்தொலைவு நடந்து வீடு திரும்பியவர், நுரையீரல் அழற்சியால் மறைந்தார். ஊரார்க்குத் தொல்லையாக இருந்த பனி, அவருக்கு வாழ்நாள் முழுதும் வற்றாத விருந்தாக இருந்தது. பனி ஒன்றே, நோக்கிய கண்தான் வேறு.

கடலும் பனியும் உள்ள நாடுகளில்தான் இத்தகைய இன்பம் கிடைக்கும் என்று எண்ண வேண்டுவதில்லை. திருநெல்வேலியில் 1912-ஆம் ஆண்டில் பிறந்து, சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அதற்குச் சான்றாவார். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவின் மகன் அவர். அவருடைய இளமைக் காலத்தில் மயிலாப்பூரின் ஓரங்களில் வெட்டவெளிகளும் புதர்களும் இருந்தன. அங்குப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் பார்த்து வளர்ந்த அவர், கல்லூரியில் நிலைத்திணையியல் கற்றார். சட்டமும் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் நீதிமன்றத்தை நாடவில்லை. மரத்தடியையும் புதரோரத்தையுமே நாடியது.

கல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'ஸ்டேட்ஸ்மன்' என்னும் ஆங்கில நாளிதழில், 1950-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டில் மறையும் வரை, 46 ஆண்டுகள் அவர் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். அவற்றுக்குரிய படங்களைத் தாமே கோட்டோவியங்களாக வரைந்தார். புலியையும் யானையையும் அவர் நன்கறிவார். காடுகளில் பல நாள் அலைந்து யானைகளைப் படம் எடுத்தவர் அவர். எனினும், காட்டு விலங்குகளோடு அவர் எழுத்து நின்றுவிடவில்லை. வீட்டுக் கூரையில் கரையும் காக்கை, மரப்பொந்தில் வாழும் ஆந்தை, தோட்டத்தில் ஓடும் அணில், சுவரில் ஊரும் பல்லி ஆகியவற்றையும் அதே அக்கறையுடன் எழுதினார். தமிழிலும் அவர் எழுதிய கட்டுரைகள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்துள்ளன.

அவருடைய படக்கருவியின் கதை சுவையானது. விலையுயர்ந்த முழுக்கருவி ஒன்றை அவர் தேடவில்லை. ஒரு கருவியின் உடலையும் வேறொரு கருவியின் தொலைநோக்கு வில்லையையும் தம் கையாலேயே பொருத்திக்கொண்டார். பருத்துக் கனத்த அக்கருவிக்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். ஒட்டுவேலையால் ஆகிய அக்கருவியைக் கண்டு பிற படக்கலைஞர் நகைத்ததும் உண்டு. ஆனால், அதனால் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைக் கண்டவர் வியந்தனர். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் அவர் கருப்பு வெள்ளையையே விரும்பினார். கருவியைச் செய்தது கை. அதனைச் சுமந்து நடந்தது கால். படத்தை முன்னரே கண்டுகொண்டது கண்.

இம்மூவர் வாழ்விலும் பொதுவாக அமைந்த உண்மை ஒன்று உண்டு. இவர்கள் படம் எடுத்தமையால் மகிழ்ச்சி அடைந்தார்கள் என்பதினும், படம் எடுக்கும்முன் நெடுநேரம் நோக்கியமையால் மகிழ்ச்சி அடைந்தார்கள் என்பதே பொருந்தும். ஓவியத்தால் கண் பழகிய பின்னரே அட்கின்ஸ் கதிரவனை ஓவியனாக்கினார். உருகும் பனியோடு போராடிய பின்னரே பென்ட்லி படக்கருவியைத் தொட்டார். ஒரு பறவையின் நடையையும் குரலையும் அறிந்த பின்னரே கிருஷ்ணன் அதனைப் படமாக்கினார். படம் அவர்கள் பார்வையின் கனி; பார்வைக்கு மாற்று அன்று.

இக்காலத்தில் படக்கருவி அரும்பொருள் அன்று. கைபேசியிலேயே அது அமைந்துவிட்டது. விரலால் தொட்டவுடன் படம் பதிகிறது. ஒரு நாளில் நூறு படங்களும் எடுக்கலாம். கோயில் கோபுரத்தின் முன் நின்று கோபுரத்தை நோக்காது படம் எடுத்துத் திரும்புவோர் உளர். மலர்ந்த பூவைக் கண்டவுடன் படம் எடுத்துவிட்டு, அதன் இதழ் எத்தனை என்று அறியாமல் செல்வோரும் உளர். எடுத்த படத்தைப் பின்னர்த் திறந்து பார்ப்பவரோ மிகச் சிலர். பிறகு பார்க்கலாம் என்று சேர்த்துவைத்தவை பாராமலே கிடக்கின்றன. கருவி கண்ணுக்குத் துணை செய்தால் நன்று. கண்ணின் வேலையையே பறித்துக்கொண்டால் அஃது இழப்பே ஆகும்.

அவ்விழப்பு ஒருவரோடு நில்லாது. எவரும் நோக்காத ஒன்று மறைந்து போனால், அது மறைந்ததையும் எவரும் அறியார். கிருஷ்ணன் இளமையில் கண்ட புதர்வெளிகள் இன்று வீடுகளும் தெருக்களுமாகிவிட்டன. அவற்றில் வாழ்ந்த உயிர்களைப் பற்றி இன்று பேச முடிகிறது என்றால், அவற்றை நின்று நோக்கி எழுதிவைத்தவர்கள் இருந்தமையே காரணம். தெருமுனையிலுள்ள வேம்பைப் பாராதவர், அது வெட்டப்பட்ட மறுநாளும் வழக்கம்போல் நடந்து செல்வர். அதனை நாள்தோறும் பார்த்தவரே அதன் நிழலுக்காக வாதாட முன்வருவர். எனவே, சிறியவற்றில் இன்பம் காணும் பழக்கம் தன்னலம் ஆகாது. ஊரைக் காக்கும் அக்கறைக்கு அதுவே வித்து.

இவ்வின்பத்திற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அரச மரத்து இலையொன்றின் மீது மெல்லிய தாளை வைத்து, பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்தால், இலையின் நரம்பெல்லாம் தாளில் தோன்றும். பள்ளி வளாகத்திலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்து, அது தளிர்க்கும் நாளையும் பூக்கும் நாளையும் காய்க்கும் நாளையும் ஓராண்டு எழுதிவரலாம். மாலையில் கூடு திரும்பும் பறவைகளை ஓரிடத்தில் அமைதியாக நின்று எண்ணலாம். படம் எடுக்கும் வாய்ப்பு உள்ளவர், ஒரு பொருளைச் சிறிது நேரம் நோக்கிய பின் ஒரே ஒரு படம் எடுத்துப் பழகலாம். முதல் நாளில் இவையெல்லாம் சலிப்பூட்டும். சில நாள் சென்றால், நேற்றுக் காணாத ஒன்று இன்று கண்ணிற்படும். அன்று முதல் சலிப்பு நீங்கும்.

பென்ட்லியின் பனி அவர் முற்றத்திலேயே விழுந்தது. கிருஷ்ணனின் காக்கை அவர் வீட்டுக் கூரையிலேயே அமர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த செல்வம் எல்லோருடைய வாயிலிலும் கிடக்கின்றது. நின்று நோக்கும் பொறுமையும், செய்து பார்க்கும் கையும், வெளியே செல்லும் காலும் உடையவர்க்கு அது நாள்தோறும் கிடைக்கும். அத்தகையோர் மகிழ்ச்சிக்காகத் திருவிழாவை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை.