கண்ணாடிக்கு முன் ஒரு கண்ணாடி

களப்பணிக்குப் புறப்படும் மொழியியல் ஆய்வு மாணவர், துறையின் கருவிப் பதிவேட்டில் கையொப்பமிட்டு ஒரு கேமராவையும் லென்ஸையும் பெற்றுக்கொள்கிறார். தேசியத் தகுதித் தேர்வின் வழியே உதவித்தொகை பெறாதவராயின், மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மாதந்தோறும் கிடைப்பது 8,000 ரூபாய். கையிலிருக்கும் லென்ஸின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே அவர் முதலில் செய்யும் காரியம், லென்ஸின் முகப்பில் பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றைத் திருகி மாட்டுவதுதான். மாட்டியபின் பெரும்பாலும் அதைக் கழற்றுவதில்லை. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அச்சத்தை மட்டும் கொண்டு இதைத் தீர்மானிக்க இயலாது.

படச்சுருள் காலத்தில் இந்தக் கண்ணாடிக்கு வேறு வேலை இருந்தது. படச்சுருள் புறஊதாக் கதிர்களையும் உணரும் என்பதால், மலையுச்சியிலும் கடற்கரையிலும் எடுத்த படங்களில் நீலம் பாய்ந்த மங்கல் படிந்தது. அதைக் குறைப்பதற்கே புறஊதா ஃபில்டர் பயன்பட்டது. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் சென்சாருக்கு முன்னுள்ள அடுக்கே அக்கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. பழைய பெயர் நிலைத்திருக்க, அது குறிக்கும் பயன் மட்டும் மாறிவிட்டது. சொற்பொருள் மாற்றத்தைப் படிப்பவர்களுக்கு இது பழகிய நிகழ்வே.

இந்தப் புதிய பயன் வெறும் கற்பனையன்று. கட்ச் மாவட்டத்தின் பன்னி புல்வெளியில், மேய்ச்சல் சமூகத்தாரிடம் கட்சி மொழியைப் பதிவுசெய்யச் செல்பவரை எண்ணிப் பார்க்கலாம். ரண் நிலத்திலிருந்து வீசும் காற்றில் உப்பும் நுண்புழுதியும் கலந்திருக்கும். லென்ஸின் மேல் படிந்த துகளை முதலில் காற்றூதி அகற்றாமல் அவசரமாகத் துணியால் துடைத்தால், அத்துகளே மேற்பூச்சைக் கீறும். ஃபில்டர் இருந்தால் கீறல் விழுவது மலிவான கண்ணாடியில்தான். சில லென்ஸ்களுக்கு உற்பத்தியாளரே இதை வேண்டுகிறார்: கேனன் நிறுவனத்தின் 17-40 மி.மீ. எல் வகை லென்ஸ், முகப்பில் ஃபில்டர் பொருத்தினால்தான் தூசிக்கும் ஈரத்துக்கும் எதிரான முழுக் காப்பைப் பெறும். வெட்டவெளியில் ஆட்டு மந்தையின் பின்னே நடந்தபடி பதிவுசெய்பவர் ஃபில்டரை மாட்டிக்கொள்வதே அறிவுடைமை.

கதைசொல்லும் மூதாட்டியின் பூங்காவுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பூங்கா என்பது அப்பகுதியின் வட்ட வடிவ மண்வீடு. சன்னல்கள் சிறியவை, உள்ளே இருள். திறந்த வாயிலில் மட்டும் வெயில் கொளுத்துகிறது. சுவரெங்கும் மண்புடைப்பு வேலைப்பாட்டில் சிறுசிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இருண்ட முகமும் அதைச் சூழ்ந்த ஒளிப்புள்ளிகளும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போதுதான் கூடுதல் கண்ணாடியின் விலை தெரிகிறது.

மேற்பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். முன்னும் பின்னுமாக இரு பரப்புகளில் சுமார் 8 விழுக்காடு. பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல ஃபில்டரில் இந்த அளவு மிகவும் குறைவு. ஆயினும் அறவே இல்லாமற்போவதில்லை. மேலும், ஃபில்டர் தட்டையானது. சென்சாரிலும் லென்ஸின் உட்பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி, அதன் பின்புறத்தில் மோதி மீண்டும் உள்ளே வருகிறது. விளக்கின் தலைகீழ்ப் பிம்பம் படத்தின் எதிர்ப்பக்கத்தில் பேயுருவாகத் தோன்றுவது இதனால்தான். விரல்ரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்த ஃபில்டர் இன்னும் மோசம்: காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெண்திரை போர்த்தியதுபோல் நிழல்கள் வெளுத்துப்போகும்.

வெளுத்துப்போவது அழகு மட்டுமெனில் பொறுத்துக்கொள்ளலாம். மொழியியலாருக்கு முகம் என்பது தரவு. சிந்தியிலும் கட்சியிலும் குரல்வளை சற்றே தாழ்ந்து, காற்று உள்நோக்கி ஈர்க்கப்படும் உள்வெடிப்பொலிகள் உண்டு. செவிக்கு ஐயம் எழும் இடத்தில் உதடுகளின் மூடலும் கழுத்தின் அசைவும் துணைச்சான்றாகலாம். ஹாரி மக்கர்க்கும் ஜான் மக்டொனால்டும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, 'ப' வகை ஒலியைக் கேட்டுக்கொண்டே 'க' வகை ஒலிக்கான வாயசைவைப் பார்ப்பவர்கள் 'த' போன்றதொரு ஒலியைக் கேட்பதாக உணர்வதைக் காட்டியது. கேட்டலில் பார்த்தலும் சேர்ந்தே இயங்குகிறது. கழுத்தும் வாயும் மங்கிய பதிவு, ஆய்வுக்கு அரைகுறைப் பதிவுதான்.

அப்படியானால் லென்ஸை எது காக்கும்? கீழே விழும்போது ஃபில்டர் காப்பாற்றியது என்று பலரும் சொல்வர். ஃபில்டரின் மெல்லிய கண்ணாடி, தடித்த முகப்புக் கண்ணாடியைவிட எளிதில் உடைவது; அது உடைந்ததனால் மட்டும் லென்ஸ் பிழைத்தது என்று முடிவுகட்ட இயலாது. சில வேளைகளில் அதன் சில்லுகளே லென்ஸைக் கீறும். நெளிந்த வளையம் கழற்ற வராமல் இறுகிக்கொள்ளும். இடியைத் தாங்குவதில் சாதாரண லென்ஸ் ஹூட் மேலானது. பக்கவாட்டு ஒளியையும் அது தடுக்கும். மழைநாட்டுக் களங்களில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சையை ஃபில்டர் தடுப்பதில்லை. அங்கே வேண்டியவை காற்றுப்புகாத பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும்.

எனவே விடை, லென்ஸுக்கு ஒன்றாக இராமல் இடத்துக்கு ஒன்றாக இருக்கிறது. வெளியே புழுதியிலும் உப்புக்காற்றிலும் மாட்டுவது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றுவது. இதற்கு அரை நிமிடமும், ஃபில்டரை வைக்க ஒரு சிறு உறையும் போதும்.

அந்த அரை நிமிடத்தைச் செலவிட மாணவருக்குத் துணிவு வர வேண்டுமானால், துறைகளும் சிலவற்றை யோசிக்க வேண்டும். அந்தமானில் அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அம்மொழிக்கு இனி எஞ்சியிருப்பவை அதற்குமுன் எடுக்கப்பட்ட பதிவுகளே. கீறிய லென்ஸை மாற்றலாம். அத்தகைய ஒரு மாலைப்பொழுதை மீண்டும் பதிவுசெய்ய முடியாது. பதிவேடு கணக்கில் வைப்பதோ லென்ஸை மட்டும்தான். களப்பணியில் நேரும் இயல்பான தேய்மானத்தை மாணவரின் உதவித்தொகையிலிருந்து ஈடுசெய்யக் கோருவதில்லை என்று கையொப்பம் வாங்கும் அதே படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஃபில்டரைக் கழற்றும் கை நடுங்காது.