வழுக்கிப் பார்க்காமல் லைசென்ஸ் இல்லை

2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த கிழமை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் அதுதான் பேச்சு. சாரதியில் பிழையா, பிறேக்கில் பிழையா, வளைவில் பிழையா என்று தொடங்கிய கதை, “எங்கட சனத்துக்கு ஒழுங்கு எண்டது ரத்தத்திலையே இல்லை. வெள்ளைக்காரனைப் பாருங்கோ” என்ற இடத்தில் வந்து முடிந்தது. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளைக்காரனைப் பார்ப்போம். 1970இல் நோர்வே வீதிகளில் 560 பேர் செத்தார்கள். அப்போது இந்த நாட்டின் சனத்தொகை 40 இலட்சத்துக்கும் குறைவு. 2021இல் செத்தவர்கள் 80 பேர். இடையில் சனத்தொகை 54 இலட்சத்தைத் தொட்டுவிட்டது, கார்களின் தொகையோ பல மடங்கு பெருகிவிட்டது. அரை நூற்றாண்டில் இவர்களுடைய ரத்தமா மாறியது? சட்டம் மாறியது, வீதி மாறியது, இருக்கைப் பட்டி கட்டாயமாகியது, சாரதியைப் பழக்குகிற முறை மாறியது. 560 பேரைப் பலிகொடுத்த தலைமுறையும் இதே வெள்ளைக்காரர்தான்.

இவற்றில் பழக்குகிற முறையைப் பற்றித்தான் நான் யாரைக் கண்டாலும் பேசுகிறேன். இந்த நாட்டில் எனக்கு ஆகப் பிடித்தது கடலும் மலையும் அல்ல, ‘கிளத்ஷோரிங்’ என்று பிள்ளைகள் சொல்கிற வழுக்கல் பயிற்சிதான். கார் லைசென்ஸ் எடுக்க விரும்பும் எவரும் அதற்கென்று அமைத்த தளத்துக்குப் போய், வழுக்கும் தரையில் காரை ஓட்டி, பிறேக் அடித்து, கார் தன் சொல் கேளாமல் போவதை உடம்பால் அறிந்துவிட்டுத்தான் வரவேண்டும். அந்த நாள் இல்லாமல் லைசென்ஸ் இல்லை. அமைச்சரின் பிள்ளைக்கும் இல்லை, என் பிள்ளைக்கும் இல்லை.

என் மகள் போனபோது நானும் கூடப் போய்த் தளத்தின் ஓரத்தில் நின்றேன். ஒரே இடம், ஒரே கார், ஒரே ரயர். முதலில் மெதுவாக வந்து அடித்தாள், கார் கொஞ்சம் போய் நின்றது. வேகத்தைச் சற்றுக் கூட்டி வரச் சொன்னார்கள். இந்தமுறை கார் நிற்கவேயில்லை, தடைக்கென்று வைத்திருந்த பொருளைத் தள்ளிக்கொண்டு அப்பால் போனது. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் அடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் படித்த அறிவு காலுக்கு இறங்குவதில்லை. அன்று அவளுடைய காலுக்கு இறங்கியதை அவளுடைய முகத்தில் கண்டேன்.

இதில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1979இல் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, வழுக்கும் காரை எப்படி மீட்டெடுப்பது என்ற வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், பயிற்சி எடுத்த இளம் ஆண்களின் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. வித்தை கைவந்துவிட்டது என்ற துணிவில் பெடியள் இன்னும் வேகமாகப் போயிருக்கிறார்கள். தங்கள் திட்டம் பிழைத்ததைத் தாங்களே அளந்து, தாங்களே எழுதி வெளியிட்டு, பாடத்தைத் திருப்பிப் போட்டார்கள். இன்று அந்தத் தளத்தில் கற்பிப்பது வெற்றியை அல்ல, தோல்வியை. ‘உன்னால் இதை அடக்க முடியாது, அதனால் இந்த நிலைக்கு வராமல் ஓட்டு’ என்பதுதான் பாடம். ஓர் அரசு இப்படித் தன் பிழையை ஒத்துக்கொள்வதைக் கண்டால் எனக்கு ஊர் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது.

லைசென்ஸ் எடுக்கப் பல பத்தாயிரம் குரோணர் செலவாகிறது, காசு பிடுங்குகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் முறையிடுவார்கள். செலவு உண்மைதான். ஒரு சாமத்தியச் சடங்கின் மண்டபக் கூலியோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு முறையிடுங்கள் என்பேன்.

புதிதாக வருகிறவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள். பயப்படவேண்டியது பூச்சியத்துக்கு. −15 பாகையில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும், ரயருக்கு ஓரளவு பிடி கிடைக்கும். பூச்சியத்தை ஒட்டி நிற்கும்போது கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும், அதுதான் ஆளைக் கொல்லும். கோடை ரயரோ 7 பாகைக்குக் கீழேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பர், ஈரச் சீமெந்தில் தேய்ந்த செருப்புப் போல. இதைத் தெரிந்துகொண்டும் கார்த்திகை வரையில் கோடை ரயரோடு ஓடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

நோர்வேச் சட்டம் இதில் நேரடியானது. வீதியில் போதிய பிடிப்பு இல்லாத வாகனத்தை எந்தக் காலத்திலும் ஓட்டக்கூடாது. குளிர்காலத்தில் ரயரின் பள்ளக்கோடு குறைந்தது 3 மில்லிமீற்றர் ஆழம் இருக்கவேண்டும். தெற்கில் அந்தக் காலம் நவம்பர் 1இல் தொடங்கும், வடக்கில் நூர்லாந், துரும்ஸ், ஃபின்மார்க் பக்கம் ஒக்ரோபர் 16இலேயே தொடங்கிவிடும். புதுக் காரை நாலாம் வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். கெடுவைத் தவறவிட்டால் இலக்கத்தகட்டைக் கழற்றிவிடுவார்கள்.

சட்டத்துக்குள் அகப்படாத ஒன்றை எங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. ஜேர்மனியில் இருக்கும் உறவினர் மூலம் மலிவாகக் குளிர்கால ரயர் எடுப்பிக்கிறோம். மத்திய ஐரோப்பாவுக்கென்று செய்யும் குளிர்கால ரயர் பெரும்பாலும் ஈரவீதிக்கும், நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஏற்றது. ஆணியில்லாத நோர்டிக் ரயரின் ரப்பர் அதைவிட மென்மையானது, பனிக்கட்டியில் பிடிக்கவென்றே செய்தது. இரண்டிலும் மலையும் பனிப்பூவும் போட்ட அதே அடையாளம்தான் இருக்கும். மருமகன் டோர்ட்முண்டில் இருந்து கொண்டுவந்தார் என்பதற்காக அதைப் பூட்டிக்கொண்டு ஃபிலெஃபியெல் மலை ஏறாதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்தபின் இவர்களிடம் இல்லாததையும் சொல்கிறேன். போனட்டைத் திறக்கத் தெரியாத தலைமுறை இங்கே வளர்கிறது. ரயர் மாற்றக் கராஜ், மாற்றிய ரயரை அடுத்த பருவம் வரை வைத்திருக்க ரயர் ஹோட்டல், காற்றுக் குறைந்தால் திரையில் ஒரு மஞ்சள் விளக்கு. குளிர் இறங்க இறங்க ரயருக்குள் காற்றழுத்தமும் இறங்கும் என்பதை விளக்குச் சொல்லித்தான் அறிகிறார்கள். சில்லு மாற்றிக் கொஞ்சத் தூரம் ஓடியபின் நட்டுகளைத் திரும்பவும் இறுக்கவேண்டும் என்று சொன்னால் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து காபரேற்றருக்குள் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எங்கள் ஒழுங்கை மெக்கானிக் எஞ்சினின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்வார். அந்த மனிதர்களைப் பார்த்தா ஒழுங்கு ரத்தத்தில் இல்லை என்கிறீர்கள்? வாகனத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கவனத்தில் பாதிகூட இந்த நாட்டில் நான் காணவில்லை.

அவர்களுக்குக் கிடைக்காதது அந்தக் கவனத்துக்குத் துணைநிற்கும் அரசுதான். இலங்கையில் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஏ9 வீதியால் போய்வரும் பஸ்களின் ரயர்களைக் குனிந்து பாருங்கள். பனி இல்லாத நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரயரின் பள்ளக்கோடுகள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காகத்தான் இருக்கின்றன. அவை தேய்ந்துபோனால், வேகமாக வரும் சில்லு தண்ணீரின் மேல் ஏறிக்கொள்ளும், தார் வீதியைத் தொடாது. அப்போது சுக்கானைத் திருப்பினாலும் பிறேக்கை மிதித்தாலும் ஒன்றுதான். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிடும் சாரதிக்கு இதை எவராவது ஒருநாள் ஓட்டிக் காட்டியிருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும்.

ஆகவே ஊர்ச் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கை எடுத்து, கிளிநொச்சிப் பக்கம் ஒரு வழுக்கல் தளம் போட அரசிடம் அனுமதி கேளுங்கள். வழுவழுப்பான தரை, நனைக்கத் தண்ணீர், ஒரு பழைய பஸ், பழக்கத் தெரிந்த ஆட்கள். இங்கே பயிற்சி ஆசிரியர்களாகவே எங்கள் பிள்ளைகள் வேலைசெய்கிறார்கள், விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு கிழமை கொடுப்பார்கள். பஸ் சாரதிகளும் லொறிச் சாரதிகளும் முதலில் ஏறட்டும்.

அது நடக்கும்வரை, ஊரில் வான் ஓட்டிப் பிழைக்கும் உறவினருக்குக் காசு அனுப்பும்போது ரயருக்கென்று தனியாக அனுப்புங்கள். ரயரின் பக்கத்தில் இருக்கும் கடைசி நாலு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 3519 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை செய்த ரயர். கடைக்காரர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அவ்வளவு பழைய ரயரைப் பூட்டவிடாதீர்கள்.